மார்பில் வைத்த சிலிக்கோன் பையை எடுக்கும் ஒப்பரேசன்: எப்படி ஆயத்தமாவது?



இந்த முறை மருத்துவப் பக்கத்தில், பல பெண்கள் வாய் திறந்து கேட்கக் கூச்சப்படும் ஒரு விஷயத்தை எழுதுகிறோம். மார்புப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்த பிறகு, கொழும்பிலோ சென்னையிலோ சிலிக்கோன் பை வைத்துக்கொண்டவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். தங்கள் விருப்பத்துக்கு வைத்தவர்களும் இருக்கிறார்கள். எந்தக் காரணம் என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாடு விட்டு வந்த பதற்றத்தில் இதை ஒருவருக்கும் சொல்லாமல் விட்டால்தான் பிரச்சினை.

ஏன் எடுக்க வேண்டி வருகிறது?

இந்தப் பை வாழ்நாள் முழுவதற்கும் செய்யப்பட்டது அல்ல. வருஷம் கூடக்கூட அது உடைகிற வாய்ப்பும் கூடும். பையைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு தோல்போன்ற உறையை உண்டாக்கும். சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பு கல்லுப்போல ஆகி நோகும்.

இன்னொரு காரணமும் உண்டு. மேற்பரப்பு சொரசொரப்பான சில பைகளைச் சுற்றி, மிக அரிதாக, நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று வரலாம். இது மார்புப் புற்றுநோய் அல்ல. இதனால்தான் அலர்கன் நிறுவனத்தின் 'பயோசெல்' வகைப் பைகளின் அனுமதியைக் கனடா சுகாதாரத் திணைக்களம் 2019 மே மாதம் நிறுத்தியது. அதே வருஷம் யூலையில் அந்த நிறுவனம் உலகம் முழுவதும் அவற்றைத் திருப்பி எடுத்தது. அதற்கு முன், பிரான்சின் 'பிப்' நிறுவனம் மருத்துவத்துக்கு உதவாத மலிவான சிலிக்கோனைப் பாவித்தது 2010இல் பிடிபட்டது. அந்தப் பைகளை எடுத்துவிடும்படி பிரெஞ்சு அரசு 2011 டிசம்பரில் பெண்களுக்கு ஆலோசனை சொன்னது.

இதை வாசித்துவிட்டுப் பயப்படாதேங்கோ. பயோசெல் வைத்திருந்தாலும், ஒரு குறையும் இல்லாவிட்டால் எடுக்கத் தேவையில்லை என்பதே கனடா சுகாதாரத் திணைக்களத்தின் ஆலோசனை. ஆனால் பை வைத்துப் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு பக்கம் திடீரெனப் பெருத்தால், கட்டி தட்டுப்பட்டால், நோ நிற்காவிட்டால், தள்ளிப்போடாமல் டொக்டரிடம் காட்டுங்கோ. நேரத்தோடு கண்டுபிடித்துப் பையையும் உறையையும் எடுத்தால் பெரும்பாலும் சுகப்படுத்தலாம்.

எங்கே தொடங்குவது, யார் காசு கட்டுவது?

அகதிக் கோரிக்கை ஏற்கப்படும்வரை கியூபெக்கின் 'கார்ட் சொலெய்' உங்களுக்குக் கிடையாது. உங்கள் மருத்துவச் செலவைப் பார்ப்பது ஐ.எஃப்.எச்.பி. என்ற மத்திய அரசின் திட்டம். பழைய ஆட்கள் 'பிறவுண் பேப்பர்' என்று சொல்லும் அகதிக் கோரிக்கைப் பத்திரம்தான் இதற்கு அத்தாட்சி. அது முடிகிற திகதியை இன்றைக்கே பாருங்கோ.

"அதை வெட்டிப்போட்டாங்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். 2012இல் வெட்டியது உண்மை. 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைப் பிழை என்று தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் திட்டம் முழுதாகத் திரும்பி வந்தது. டொக்டர், ஆஸ்பத்திரிச் செலவு இதில் அடங்கும். ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் 4 டொலர் நீங்கள் கட்ட வேணும் என்ற விதி 2026 மே 1 முதல் என்று அறிவிக்கப்பட்டது.

மூன்று விஷயத்தைக் கவனியுங்கோ:

- அழகுக்கான ஒப்பரேசனுக்கு இந்தத் திட்டம் காசு கட்டாது. பை உடைந்தது, உறை இறுகியது, நோய்ச் சந்தேகம் போன்ற மருத்துவக் காரணத்தை டொக்டர் எழுத வேணும்.
- கிளினிக் இந்தத் திட்டத்தில் பதிந்திருக்கிறதா, முன் அனுமதி தேவையா என்று திகதி எடுக்கமுதல் கேளுங்கோ.
- நீங்கள் கையால் கட்டிய காசைத் திட்டம் உங்களுக்குத் திருப்பித் தராது. ஆகவே அவசரப்பட்டுக் கட்டாதேங்கோ.

ரொக்ஸ்பரோவில் இருப்பவர்கள் முதலில் பியர்ஃபோன் சி.எல்.எஸ்.சி.யில் விசாரிக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் புவான் கிளேரில் உள்ள லேக்‌ஷோர் பொது ஆஸ்பத்திரி. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 811க்கு அடியுங்கோ. இரவு பகல் எந்நேரமும் ஒரு தாதி பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கதைப்பார். பிரெஞ்சில் இந்தப் பையை 'புரொத்தேஸ் மமேர்' என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சொன்னாலே விளங்கும்.

பழைய கடுதாசிகள்

பை வைத்தபோது ஒரு சிறிய அட்டை தந்திருப்பார்கள். நிறுவனம், வகை, இலக்கம் அதில் இருக்கும். இல்லாவிட்டால், ஊரில் இருக்கும் சொந்தக்காரரை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஒப்பரேசன் குறிப்பின் பிரதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த வருஷம், எந்த ஊர் என்று சொன்னாலே டொக்டருக்கு உதவி.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை

பையை மட்டும் எடுப்பதா, உறையையும் எடுப்பதா? எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? பிறகு மார்பு எப்படி இருக்கும்? தோல் தளர்ந்து, மார்பு தட்டையாகத் தெரியலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனம் உடையாது.

மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதேங்கோ. பிள்ளைக்கு முன் நீங்களும் முழுதும் சொல்லமாட்டீர்கள். பெண் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று திகதி எடுக்கும்போதே சொல்லுங்கோ. சம்மதப் பத்திரத்தில் விளங்கிய பிறகே கையெழுத்து வையுங்கோ. அது உங்கள் கையெழுத்து மட்டும்தான். கணவரின் கையெழுத்துத் தேவையில்லை.

அகதி விசாரணையும் ஒப்பரேசனும் ஒரே வாரத்தில் வந்தால்?

பலர் இந்தப் பயத்திலேயே ஒப்பரேசனை விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை. உடனே உங்கள் வழக்கறிஞருக்குச் சொல்லுங்கோ. விசாரணைத் திகதியை மாற்றக் கேட்கும் விண்ணப்பம், விசாரணைக்குக் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன் அகதிகள் சபைக்குக் கிடைக்க வேணும். அத்தோடு டொக்டரின் அத்தாட்சிக் கடிதமும் வேணும். ஏன் உங்களால் வர முடியாது, எப்போது வர முடியும் என்ற இரண்டும் அதில் இருக்க வேணும். என்ன வருத்தம் என்று பெயர் எழுதத் தேவையில்லை. இதைச் சபையின் விதியே சொல்கிறது. ஆனால் மாற்றியாயிற்று என்ற பதில் வரும்வரை, பழைய திகதிக்குப் போக வேண்டியது உங்கள் கடமை.

ஒப்பரேசனுக்கு முந்திய வாரங்கள்

- குடிக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. ஊரிலிருந்து வந்த சித்த, ஆயுர்வேத மருந்தும் அதில் சேரும். சில இரத்தத்தை இளக்கும்.
- அஸ்பிரின், இரத்தம் இளக்கும் குளிசை, நீரிழிவு மருந்து ஆகியவற்றை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். டொக்டர் சொல்வதைக் கேளுங்கோ.
- புகைப்பவர் என்றால் குறைந்தது 4 கிழமைக்கு முன் நிறுத்துங்கோ. புகைத்தால் காயம் ஆறச் சுணங்கும்.
- கூட்டிக்கொண்டு போய் வரவும், முதல் இரவு கூட இருக்கவும் ஒரு பெரிய ஆளை ஒழுங்கு செய்யுங்கோ. தனியே விடமாட்டார்கள்.
- சமைத்து ஃப்ரீசரில் வையுங்கோ. அரிசி, மா எல்லாவற்றையும் இடுப்பளவு உயரத்துக்கு இறக்குங்கோ. பிறகு கையை மேலே தூக்க ஏலாது.

ஒப்பரேசன் நாள்

சாப்பாட்டை எப்போது நிறுத்துவது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று சொல்லி அனுப்புவார்கள். பால் தேத்தண்ணியும் சாப்பாடுதான், அதை மறக்காதேங்கோ. தாலி, தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தாலி கழற்ற மனம் வராவிட்டால் முதல் நாளே தாதியிடம் கதையுங்கோ. ஆஸ்பத்திரியில் விடாமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கோ. நகப்பூச்சு வேண்டாம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுங்கோ.

வீட்டுக்கு வந்த பிறகு

காயத்திலிருந்து ஒரு சிறு குழாய் வந்து குமிழோடு இருக்கலாம். அதில் சேரும் நீரை எத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து எழுதி வையுங்கோ. நோவுக்கு ஊரில் பனடோல் என்கிறோமே, அதே மருந்து இங்கே டைலெனோல். இரண்டையும் சேர்த்துப் போடாதேங்கோ. பிள்ளையைத் தூக்குவது, அரிசி மூட்டை தூக்குவது எல்லாம் டொக்டர் விடும்வரை வேண்டாம். காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனால், ஒரு பக்கம் திடீரென வீங்கினால், காயம் சிவந்து சீழ் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அறிவியுங்கோ. மூச்சு முட்டினால் 911.

கடைசியாக ஒன்று. மருத்துவ உதவி எடுத்தது உங்கள் அகதி வழக்கைக் கெடுக்காது. டொக்டரிடம் சொன்னது டொக்டரோடு இருக்கும். கடிதம் விளங்காவிட்டால், படிவம் நிரப்பத் தெரியாவிட்டால், அதை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாங்கோ. ஒரு பெண் பணியாளரோடு தனியே கதைக்க வேணும் என்று வாசலில் சொன்னால் போதும். காரணம் கேட்கமாட்டோம்.