வேலை தேடும் பக்கத்தில் வீட்டு விலாசம் எதற்கு?

லிங்க்ட்இன்னில் யாரோ ஒருவர், "பிரெஷர்கள் தேவை, வீட்டிலிருந்தே வேலை" என்று ஒரு பதிவு போடுகிறார். கீழே வரிசையாகப் பதில்கள். எல்லாம் ஒரே அச்சு: "இன்ட்ரஸ்டட்" என்ற சொல், பக்கத்திலேயே செல்போன் எண், மின்னஞ்சல் முகவரி. பதிவு போட்டவர் யார், அப்படியொரு நிறுவனம் உண்டா என்று பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பதில்களை யார் வேண்டுமானாலும் திரட்டி எடுக்கலாம். இவருக்கு வேலை இல்லை, அவசரமாகத் தேடுகிறார், படிப்பு இன்னது, எண் இன்னது. மோசடிக் கும்பலுக்கு வேண்டிய பட்டியலை நம் பிள்ளைகளே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடை ஒன்றில் பயோடேட்டா அடித்து வாங்கிப் பாருங்கள். பெயருக்குக் கீழே கதவு எண்ணோடு முழு விலாசம். பிறகு அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா இல்லையா, சில சமயம் மதமும் சாதியும், பாஸ்போர்ட் இருந்தால் அதன் எண். கடைசியில் உறுதிமொழி, அதன்கீழ் கையெழுத்து. தபாலில் விண்ணப்பம் போட்ட காலத்தின் படிவம் அது. அதையே பி.டி.எஃப். ஆக்கி லிங்க்ட்இன்னிலும் நௌக்ரியிலும் ஏற்றுகிறோம். ஒரு பிரதி கடைக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. நேர்காணலுக்குக் கூப்பிடலாமா என்று முடிவு செய்ய ஒரு நிறுவனத்துக்கு இதில் எதுவும் தேவையில்லை. பெயர், "மதுரை" என்று ஊர், வேலை தேடுவதற்கென்று தனியாக வைத்த மின்னஞ்சல், படிப்பு, தெரிந்த தொழில், செய்து முடித்த பிராஜெக்ட் இவ்வளவு போதும். ஆதார், பான், வங்கிக் கணக்கெல்லாம் வேலை உறுதியான பிறகு, அந்த நிறுவனத்தின் சொந்த வழியாக மட்டுமே. அடையாளத்துக்கு ஆதார் கேட்டாலும், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' நகலை ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, "இந்த வம்பே வேண்டாம், கணக்கை மூடு" என்று எந்த வீட்டிலும் சொல்லிவிடக் கூடாது. ஆள் தெரிந்தால்தான் வேலை என்பது நம் ஊரின் பழைய கசப்பு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்குச் சென்னையிலோ பெங்களூருவிலோ சிபாரிசு செய்ய மாமா, சித்தப்பா கிடையாது. தன் கல்லூரியில் ஐந்து வருடம் முன்னால் படித்த அண்ணன் எங்கே வேலை பார்க்கிறார் என்று தேடிப் பிடித்து, மரியாதையாக நாலு வரி எழுதி, "அண்ணே, உங்க கம்பெனியில இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களா?" என்று கேட்க வைத்தவை இந்தத் தளங்கள்தான். இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் எந்தெந்த நிறுவனங்கள் இருக்கின்றன, யார் ஆள் எடுக்கிறார்கள் என்பதையும் இதில் தேடலாம். கணக்கு இருக்கட்டும். எதைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டுவது என்பதுதான் கேள்வி.

லிங்க்ட்இன்னின் அமைப்புகள் பகுதியில் ஒரு கால் மணி நேரம் செலவிட்டால் பெரும்பாலான பூட்டுகளைப் போட்டுவிடலாம். செல்போன் எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்து யாரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றுங்கள். உங்கள் தொடர்புகள் யார் யார் என்பதை மற்றவர் பார்ப்பதை நிறுத்துங்கள். போனிலுள்ள எண்களை ஏற்ற அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அவை உங்கள் சொந்தபந்தங்களின் எண்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். 2012-இல் திருட்டுப்போன லிங்க்ட்இன் கடவுச்சொற்கள் 2016-இல் 11 கோடிக்கும் மேல் விற்பனைக்கு வந்தன. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைத்தவர்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுபவர்கள், வேலை தேடுவதை எல்லோருக்கும் காட்டும் பச்சை வளையத்தைப் படத்தைச் சுற்றிப் போடாமல், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் உங்கள் நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை.

விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2022-ஐ நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, கை நிறையச் சம்பளம் என்று சமூக வலைதள விளம்பரங்களும் துபாய், இந்திய ஏஜெண்டுகளும் கணினி தெரிந்த இளைஞர்களை அழைத்துப் போனார்கள். இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். சுமார் 300 இந்தியர்கள், அவர்களில் 50 பேர் வரை தமிழர்கள் சிக்கியிருப்பதாக அந்தச் செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வெளியுறவுத் துறையும் அதே மாதம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதோடு முடிந்ததா? 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மீட்டு வந்தன. படித்த, ஆங்கிலம் தெரிந்த, கம்ப்யூட்டரில் கை பழகிய பிள்ளைகள்தான் அந்தக் கும்பலுக்குத் தேவைப்பட்டார்கள். நாம் திறந்து வைத்திருக்கும் சுயவிவரம் காட்டுவதும் அதைத்தானே.

ஆகவே வெளிநாட்டு வேலை என்றால் ஏஜெண்டின் பேச்சை விடுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவில்லாதவர் ஆள் எடுப்பது குற்றம். பதிவுள்ளவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. சுற்றுலா விசாவில் போகச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மோசடி இதைவிடச் சின்னது, ஆனால் அடிக்கடி நடப்பது. ஹெச்.ஆர். என்று ஒருவர் வாட்ஸ்ஆப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்வார். அரட்டையிலேயே நேர்காணல் முடிந்துவிடும். லோகோ போட்ட பணி ஆணை வரும். பிறகு லேப்டாப்புக்கு முன்பணம், சரிபார்ப்புக் கட்டணம். இதைவிடக் கொடியது, "சம்பளத்துக்காக" உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க வைத்து ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொள்வது. யாரையோ ஏமாற்றிய பணம் அதன் வழியாகப் போகும், போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும்.

சட்டம் எங்கே நம்மோடு நிற்கிறது, எங்கே நிற்காது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை அது தருகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். ஆனால் பலர் கவனிக்காத ஒரு பிரிவு அந்தச் சட்டத்தில் இருக்கிறது: நீங்களே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 2021-இல் சுமார் 70 கோடி லிங்க்ட்இன் பயனர்களின் விவரங்கள் விற்பனைக்கு வந்தபோது, எதுவும் திருட்டுப் போகவில்லை, பொதுவில் தெரிந்தவற்றைத் திரட்டியிருக்கிறார்கள் என்றது அந்த நிறுவனம். "இன்ட்ரஸ்டட்" என்று எழுதி எண்ணைப் போட்டவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து என்ன அர்த்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய பதில்களை இன்றே போய் அழியுங்கள். பழைய பயோடேட்டாவை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள்.

உங்கள் படத்தையும் பெயரையும் வைத்து யாராவது போலிக் கணக்கு தொடங்கினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீளும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பணம் போகாவிட்டாலும் புகார் செய்யலாம். எந்தக் காவல் நிலையத்திலும், எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதியச் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ல் சட்டப்பணி ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் வருமானம் பார்க்காமல் அந்த உதவி இலவசம்.

கோபத்திலோ அவமானத்திலோ அரட்டையை அழித்துவிடாதீர்கள். அந்தச் சுயவிவரத்தின் இணைப்பு, பேசிய எண், பணம் போன யு.பி.ஐ. முகவரி, பரிமாற்ற எண், போலி ஆணை எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒரு உறையில் சேர்த்து, புகாரின் ஒப்புகை எண்ணையும் எழுதி, வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் கையோடு கொண்டுபோங்கள்.