விலை கேட்டால் கிடையாது. சும்மா கேட்டால் உண்டு!

புதுச்சேரி,

தையல் கடையில் வெட்டுத்துணியைப் பெருக்கிக் குப்பையில் கொட்டுவார்கள். அந்தத் துணியில்தான் இந்தக் குட்டிப் பொம்மை! உள்ளங்கையில் அடங்கிவிடும். பெயர் "சுனாமிகா".

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கடல் பொங்கிக் குப்பங்களுக்குள் புகுந்தது. படகு போச்சு, வலை போச்சு, வீடும் போச்சு. பிழைத்த பெண்களுக்குக் கடலைப் பார்க்கவே பயம். கையில் வேலையும் இல்லை.

பக்கத்து ஆரோவில்லில் "உபாசனா" என்ற ஆடை நிறுவனம் நடத்துபவர் உமா பிரஜாபதி. அவர் 2005-ல் மீனவப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார். மீன் கூடை சுமந்த கை ஊசி பிடித்தது. பேசிக்கொண்டே தைத்ததில் மனக் காயமும் கொஞ்சம் ஆறியது, கூலியும் கிடைத்தது. பயமுறுத்திய சுனாமியின் பெயரையே பொம்மைக்கு வைத்ததுதான் வேடிக்கை!

விலை என்ன?

விலையே கிடையாது! சுனாமிகா விற்பனைக்கு அல்ல, அன்பளிப்பு. மனம் இருந்தால் நன்கொடை கொடுக்கலாம். அந்தப் பணத்தில்தான் அடுத்த பொம்மைக்குக் கூலி. காசு வராவிட்டால் ஊசி நிற்கும். எந்தக் கடைக்காரரும் இப்படிக் கணக்குப் போடமாட்டார்!

ஆனாலும் கை மாறிக் கை மாறி, பல லட்சம் பொம்மைகள் கடல் தாண்டிப் போய்விட்டன.