'தூரமா?' என்று கேட்டால் போதாதா?

ரவாங் ரயில் நிலையத்தில் காலை ஆறரை மணிக்கு ஒரு நாள் நின்று பாருங்கள். கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், தஞ்சோங் மாலிமுக்குப் படிக்கப் போகிறவர்கள், தோட்டத்துச் சடக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர்கள் என்று பிளாட்பாரம் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நமக்கு உறவென்று சொல்லிக்கொள்ள ஒரு முகமாவது இல்லாமல் இருக்காது. வண்டி வருவதற்குள் மூன்று கேள்விகள் வந்துவிடும்.

"எங்கே போறே? யாரோட போறே? எதுக்குப் போறே?"

மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் நான்காவது காத்திருக்கும். "கம்யூட்டர்ல போனா காசு கம்மியாச்சே, ஈ.டி.எஸ். எதுக்கு? சம்பளம் கூடிடுச்சோ?"

தாய்மார்களே, சகோதரிகளே! இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. 2016ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் நடந்த ஒரு சம்பவத்திற்குப் பிறகு நான் சிரிப்பதில்லை.

அந்த ஆண்டு என் மார்பில் ஒரு சிறு கட்டி தென்பட்டது. கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். மாமியாருக்கு இரத்த அழுத்தம். முடிவு தெரியாமல் அவரைக் கலங்க வைக்க வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். ரவாங் பிளாட்பாரத்தில் கணவர் வழிப் பெரியம்மா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "புத்தகக் கடைக்குப் போறேன் பெரியம்மா, பள்ளிக்கு வாங்கணும்" என்று சொல்லிவிட்டேன். மாலையில் வெறுங்கையோடு நான் இறங்கி வந்ததையும் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் பார்த்திருக்கிறான்.

போதாதா? இரவு எட்டு மணிக்குள் லயத்தில் கதை உருவாகிவிட்டது. டீச்சர் பொய் சொல்லிவிட்டுப் போகிறாளாம், வீட்டுக்காரரோடு சண்டையாம், தனியாக வீடு பார்க்கிறாளாம். மாமியார் அன்றிரவு முழுவதும் தூங்காமல் வாசலில் உட்கார்ந்து அழுதார். வீடு அமைதியாகட்டும் என்று இரண்டாவது பரிசோதனை நாளை நான் தள்ளிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்த மருத்துவர், "இந்த இரண்டு மாதத்தை யாருக்காகக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நல்ல வேளையாக அது தீங்கில்லாத கட்டி. தீங்குள்ளதாக இருந்திருந்தால் அந்த இரண்டு மாதத்தை யார் திருப்பித் தந்திருப்பார்கள்?

இதில் பெரியம்மாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். என் தவறும் இருக்கிறது. சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இருந்தது. பொய் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் பொய் சொன்னதால்தான் கதைக்குக் கால் முளைத்தது.

லயத்து வீட்டுக்குச் சுவர் ஒன்றுதான்

நம் மக்கள் ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறார்கள்? அதற்கும் ஒரு காரணம் உண்டு. கோலாலம்பூரிலிருந்து ரவாங்குக்கு இருப்புப் பாதை 1892இல் வந்தது. அதன் பிறகு சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டன் பாட்டிமார் லயத்து வீடுகளில் குடியேறினார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரே பலகைச் சுவர். இருமினால் கேட்கும், குழம்பு தாளித்தால் மணக்கும். விடியற்காலைப் பிரட்டில் ஒருவர் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கேள்வி பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்ததும் அதே அக்கம்பக்கம்தான். ஆகவே கேட்பது எல்லாமே கெட்ட எண்ணம் அல்ல. அக்கறைக்கும் ஆவலுக்கும் நடுவிலும் ஒரே பலகைச் சுவர்தான் இருந்தது எனலாம்.

ஆனால் அந்தப் பழைய தலைமுறையிடம் ஒரு நாகரிகமும் இருந்தது. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே போகிறாய்?' என்று கேட்க மாட்டார்கள். போகும் காரியம் தடைப்படும் என்பார்கள். 'தூரமா?' என்று மட்டும் கேட்பார்கள். 'ஆமாம், கொஞ்ச தூரம்' என்றால், 'போய்ட்டு வா' என்று அனுப்பிவிடுவார்கள். சகுனத்தை நம்புகிறோமோ இல்லையோ, அந்த ஒரு சொல்லில் எவ்வளவு மரியாதை இருந்தது! சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம்; விரும்பாதவர் தூரம் என்று நகர்ந்துவிடலாம்.

பெயர் கேட்காத அட்டைச் சீட்டு

ரயில் சீட்டும் ஒரு காலத்தில் அந்தப் பாட்டிமாரைப் போலத்தான் இருந்தது. 1830களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் உருவாக்கிய சிறிய அட்டைச் சீட்டு உலகமெங்கும் பரவி நம் நாட்டுக்கும் வந்தது. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, ஓர் எண் ஆகியவைதான் அதில் இருக்கும். உங்கள் பெயர் என்ன என்று அந்த அட்டை கேட்டதில்லை.

1995இல் ரவாங்குக்கு மின்சாரக் கம்யூட்டர் வண்டி வந்தது. 2010இல் ஈ.டி.எஸ். வந்தது. அதே 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கம்யூட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி விட்டார்கள். வசதி பெருகியது, சந்தோஷம். ஆனால் ஈ.டி.எஸ். சீட்டுக்கு இப்போது பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் கொடுக்க வேண்டும். கம்யூட்டரில் தட்டிச் செல்லும் கார்டு எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்பதைப் பதிந்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கார்டை யாருடைய கைப்பேசிப் பணப்பையில் சேர்த்திருக்கிறீர்களோ, அவர் நம் பயணக் கணக்கைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னொரு காட்சி நினைவிருக்கும். ரயில் கிளம்புமுன் பெட்டியின் கதவருகே ஒரு தாளை ஒட்டுவார்கள். முன்பதிவு செய்தவர்களின் பெயர், ஆணா பெண்ணா, வயது, படுக்கை எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். நான் ஒரு முறை எழும்பூரில் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் என் வயதைச் சத்தமாகப் படித்துவிட்டார்! தனியாகப் பயணம் செய்யும் இளம் பெண்ணுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் படுக்கையில் எத்தனை வயதுப் பெண் படுத்திருக்கிறாள் என்பதை ஊருக்கே அறிவித்தது போல.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு, 2018 மார்ச் 1 முதல், பெரிய நிலையங்களில் பெட்டிகளில் தாள் ஒட்டுவதை நிறுத்தும்படி ரயில்வே உத்தரவிட்டது. முதலில் ஆறு மாதச் சோதனையாகத்தான் தொடங்கினார்கள். காகிதத்தை மிச்சம் பிடிப்பதே முக்கிய நோக்கம். ஆனாலும் காகிதத்தோடு சேர்ந்து பல பெண்களின் நிம்மதியும் மிச்சமாயிற்று.

நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. வியாபாரத்திற்காக நம்மிடம் விவரம் வாங்குகிற நிறுவனம் அதை இஷ்டம்போல் பரப்பக்கூடாது. ஆனால் ஒருவர் தம் சொந்த, குடும்ப, வீட்டு விவகாரங்களுக்காக மட்டும் கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, நிறுவனத்தின் வாயைச் சட்டம் கட்டும். சித்தியின் வாயைக் கட்டாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வீட்டுக்குள் நமக்கு நாமே சட்டம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நான் கடைப்பிடிக்கும் சில வழிகள்

முதலாவது, நம்பிக்கையான ஒருவரிடமாவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த வண்டி, எத்தனை மணி, எங்கே இறங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று அந்த ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் போவது பாதுகாப்பல்ல.

இரண்டாவது, பொய் சொல்லாதீர்கள். "ஒரு சொந்த வேலை, முடிஞ்சதும் சொல்றேன் அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். மறுபடி கேட்டால் அதையே மறுபடி சொல்லுங்கள். பிறகு, "உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். வண்டி வரும்வரை அத்தைதான் பேசுவார்!

மூன்றாவது, சீட்டை நீங்களே எடுக்கப் பழகுங்கள். தம்பி மகனிடம் கைப்பேசியைக் கொடுத்து, 'ஒரு டிக்கெட் போட்டுக் கொடு' என்றால், அவன் கணக்கில் உங்கள் பயணம் பதிவாகிவிடும். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். தள்ளிப்போன அந்தப் பரிசோதனைக்குப் போகும்போதுதான் நானும் கற்றுக்கொண்டேன். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிரும் வசதி யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, குடும்பப் புலனக் குழுவில் ரயில் ஜன்னல் படத்தைப் போகும்போதே போடாதீர்கள். திரும்பி வந்து போட்டாலும் படம் அதே அழகாகத்தான் இருக்கும்.

ஐந்தாவது, எந்த வண்டியில் போகிறோம் என்பதற்குக் கணக்கு ஒப்பிக்காதீர்கள். கால் வலிக்காக ஒருவர் பத்து வெள்ளி கூடக் கொடுத்து உட்கார்ந்து போகலாம். பிள்ளையின் பள்ளிச் செலவுக்காக இன்னொருவர் நின்றுகொண்டே போகலாம். இரண்டும் அவரவர் காசு, அவரவர் கால்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். வயது வராத பிள்ளை எங்கே போகிறது என்று கேட்பது பெற்றோரின் கடமை. அது வம்பல்ல. அதேபோல், கடன் வாங்கிவிட்டு ஓடுவதற்கும் கட்டியவளை ஏமாற்றுவதற்கும் 'இது என் சொந்த விஷயம்' என்று இந்தக் கட்டுரையைக் காட்டாதீர்கள்.

பிள்ளைகளை ஒற்றராக்காதீர்கள்

ஆசிரியை என்ற முறையில் ஒரு வேண்டுகோள். "சனிக்கிழமை உங்க அம்மா பை எடுத்துக்கிட்டு எங்கே போனாங்க?" என்று ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துப் பிள்ளையிடம் கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு படித்த ஒரு சிறுமி அப்படித்தான் சொல்லிவிட்டாள். அவள் அம்மா வேறு வேலை தேடி நேர்முகத் தேர்வுக்குப் போன செய்தி, பார்த்துக்கொண்டிருந்த வேலை இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. வீட்டில் திட்டு விழுந்தது. ஒரு வாரம் அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டாலே அழுதாள். 'பேசினால் தப்பு' என்று அவள் மனத்தில் பதிந்துவிட்டது. அதை அழிக்க எனக்கு ஒரு தவணை முழுவதும் பிடித்தது. திருவள்ளுவர் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்துவிட்டு, நாமே அவர்களைப் புறங்கூறப் பழக்கலாமா?

கடைசியாக ஒன்று. என்னிடம் படித்த பெண் ஒருத்திக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வந்தது. 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக இருக்கிற இடம் அது. கிடைக்காவிட்டால் ஊர் பேசுமே என்று பயந்தாள். "முடிவு வரும்வரை சொல்ல வேண்டாம். பொய்யும் வேண்டாம்" என்றேன். அன்று காலை துணைக்கு நானும் அவளோடு நடந்தேன். தோட்டத்து முகப்புக் கடை வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாட்டி ஒருவர், புதுச் சேலையையும் கையிலிருந்த கோப்பையும் மேலும் கீழும் பார்த்தார். கேட்கப் போகிறார் என்று இருவருக்கும் நெஞ்சு படபடத்தது.

"தூரமா ஆயி?" என்றார்.

"ஆமா பாட்டி, கொஞ்ச தூரம்."

"நல்லபடியாப் போய்ட்டு வா."

அவ்வளவுதான். ரவாங்கில் வண்டி ஏறும்வரை அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த தைரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த முறை பிளாட்பாரத்தில் நமக்குத் தெரிந்த முகத்தைப் பார்க்கும்போது, நாமும் அந்தப் பாட்டியைப் போல் கேட்டுப் பார்ப்போமே!