திருப்பணியில் ஒரு மூட்டையும் வீணாகலாமா?

ஆலயத் திருப்பணிக்கென்று ஓர் அன்பர் தரும் ஒரு மூட்டை சிமெண்டும் இறைவனுக்கு வைத்த காணிக்கையே. அதைப் பெறுவதில் நாம் காட்டும் அக்கறையை, அதைக் காப்பதிலும் உரிய வேளையில் பயன்படுத்துவதிலும் காட்டுகிறோமா? பேராக் மாநிலத்தில் பல்லாண்டுகள் கட்டுமானத் தொழிலில் இருந்து, இப்போது ஆலயத் திருப்பணிகளுக்கு உதவி வருபவன் என்ற முறையில் சில செய்திகளை மெய்யன்பர்கள் முன் வைக்கிறேன்.

கெல்லி மாளிகை சொல்லும் பாடம்

பத்து காஜா அருகே முடிவுறாமல் நிற்கும் கெல்லி மாளிகையை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லஸ் ரப்பர் தோட்டத்தின் உரிமையாளர். 1915இல் அவர் தொடங்கிய அம்மாளிகைக்குச் செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன. சென்னையிலிருந்து சுமார் 70 தொழிலாளர்களும் வந்தனர். பின்னர் உலகெங்கும் பரவிய ஸ்பானிய விஷக்காய்ச்சலுக்கு அவர்களுள் பலர் பலியாயினர். எஞ்சியோர் வேண்டிக்கொண்டபடி கெல்லி மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினார். அதன் மேற்புறத்தில் அவருடைய உருவச்சிலையை இன்றும் காணலாம். 1926இல் லிஸ்பனில் அவர் மறைந்தார். மாளிகைப் பணி அத்தோடு நின்றது.

அது நின்றுபோனதற்கு முடிவான காரணம் உரிமையாளரின் மறைவுதான். ஆயினும் கல்லும் கைகளும் கடல் கடந்து வரவேண்டிய இடத்தில், சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழு வேலையும் தடுமாறும் என்பதை அச்சுவர்கள் நமக்குச் சொல்கின்றன.

தொலைவில் வருவதும் அருகில் கிடைப்பதும்

நம் ஆலயங்களுக்கும் இன்று கருங்கல் விக்கிரகங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. ஸ்தபதிகளும் அங்கிருந்தே வருகிறார்கள். அவர்களுடைய வேலை அனுமதிக்கு முன்கூட்டியே மனுச்செய்ய வேண்டும். ஸ்தபதி வந்து இறங்கியபின் விமானத்தின் கான்கிரீட் வேலை முடியாதிருந்தால், அவர் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நன்கொடைப் பணமே கரைகிறது.

சிமெண்டின் கதை வேறு. சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த ஈப்போவிலேயே சிமெண்ட் ஆலை உண்டு. கேட்டால் லோரியில் வந்து இறங்கும் பொருளை மாதக்கணக்கில் மண்டபத்தில் அடுக்கி வைப்பானேன்? ஆகவே தொலைவிலிருந்து வருவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்க. அருகில் கிடைப்பதைத் தேவைக்கேற்பச் சிறுகச் சிறுக வாங்குக.

வீண் என்பது எது?

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தைச் சேர்ந்த தாயிச்சி ஓனோ, வீணாவதை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் சேர்த்து வைப்பதும், காத்திருப்பதும், பொருளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதும், செய்ததை இடித்துத் திரும்பச் செய்வதும் அவற்றுள் அடங்கும். 1992இல் லௌரி கொஸ்கேலா என்ற ஆய்வாளர் இந்தச் சிந்தனையைக் கட்டுமானத்துக்கும் பொருத்திக் காட்டினார்.

நம் கண்முன் நடப்பதையே பாருங்கள். மூட்டையில் கிடக்கும் சிமெண்ட் மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கலாம். நம் நாட்டு ஈரக்காற்றில் கட்டியாகிப் போன மூட்டைகளை, உபயக்காரரின் பெயர்ச்சீட்டோடு நான் கண்டதுண்டு. மணலிலும் கவனம் தேவை. ஈரமணல் உப்பிக் கால் பங்கு வரை கூடுதலாகத் தெரியும். லோரி அளவை மட்டும் நம்பி வாங்கினால், காற்றுக்கும் காசு கொடுத்தவர்களாவோம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கும்பாபிஷேக நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். வண்ணம் பூசுமுன் சுதை வேலை காய வேண்டும். சுதைக்கு முன் கான்கிரீட் உறுதிப்பட வேண்டும். அதற்கும் முன் வரைபட அங்கீகாரம் கைக்கு வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறித்தால் எந்தப் பொருள் எப்போது வேண்டும் என்பது தானே விளங்கும்.

இரண்டாவதாக, வாரம் ஒருமுறை குத்தகையாளரும் மேஸ்திரியும் குழுவினரும் கூடி, அடுத்த வார வேலைக்கு எது குறைகிறது என்று கேட்க வேண்டும். குறையிருக்கும் வேலையைத் தொடங்கக்கூடாது.

மூன்றாவதாக, சிமெண்டைத் தரையில் வைக்காமல் பலகை மீது, சுவரை ஒட்டாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் அன்பர்களின் நம்பிக்கை வளரும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டைகளை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்குவதைவிட, “இத்தனை மூட்டை என் உபயம்” என்று பதிவு செய்து, குழு கேட்கும் வேளையில் கொடுங்கள். உங்கள் புண்ணியம் அதனால் குறையாது. உங்கள் சிமெண்டின் வலுவும் குறையாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குச் சிதறிய பின்னும், பிறந்த மண்ணின் கோயிலுக்கென்று பலர் சிறுகச் சேமித்து அனுப்புகிறார்கள். பால்மரம் சீவிய கைகளின் உழைப்பும் அதில் உண்டு. அந்தக் காசு கல்லாகவும் கோபுரமாகவும் உயர வேண்டுமேயன்றி, கட்டிதட்டிய மூட்டையாகக் குப்பைக்குப் போகலாகாது. அதைக் காப்பதும் திருப்பணியே.