வாவியிற் பாடுவது யாது?

'மீன் பாடும் தேனாடு' எனப் போற்றப்படுவது மட்டக்களப்பு. வடக்கே ஏறாவூர்ப் பகுதி தொடங்கித் தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியே அப்பெயருக்குக் காரணமாயிற்று. முழுமதி இரவிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீருள் இறக்கி, அதன் மேல்நுனியிற் காதைப் பொருத்துவோர் மெல்லிய இன்னொலி கேட்பர் என்பது மக்கள் வழக்கு. யாழ்நூல் தந்த சுவாமி விபுலானந்தரும் இவ்வொலியைப் பாட்டிற் போற்றினார். ஆயினும் பாடும் உயிர் இன்னதெனத் திட்டமாக இதுகாறும் நிறுவப்படவில்லை.

1943ஆம் ஆண்டில் யாக் கூஸ்தோ, எமில் காஞான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர், நீருள் மூச்சுவிட உதவும் காற்றுக்கலக் கருவியை அமைத்தனர். அதனை அணிந்த சுழியோடி ஒருவன் வாவியுள் இறங்கி அம்மீனை நேரிற் கண்டுவரலாகாதோ எனப் பலர் வினவுவர். வினா எளிது; விடை எளிதன்று.

இவ்வொலியை ஆராய்ந்து எழுதியோருள் முதன்மையானவர், இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் யேம்ஸ் எமேர்சன் தெனன்ற். அவர் 1848இல் நிலவிரவொன்றிற் படகேறி வாவியிற் சென்று அதனைக் கேட்டார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்குங்கால் எழும் அதிர்வை ஒத்ததென்றும், ஒரே ஒலியன்றிப் பற்பல சிற்றொலிகளின் கூட்டமென்றும் குறித்தார். படகின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது. படகு விலகியபோது மறைந்தது. மீண்டு வந்தபோது அவ்விடத்திலேயே மீண்டும் கேட்டது. ஒலிப்பன இடம்பெயராதவை என அவர் இதனாற் கருதினார். ஊரி எனப்படும் நீர்ச்சிப்பியே குரலெழுப்புகிறது என்று வலைஞர் கூறியதும் அவர் கருத்தோடு பொருந்திற்று.

இவ்வனுமானம் நேரியதாயினும் முடிந்த முடிபன்று. மீன்களுள்ளும் ஓரிடத்திலிருந்து ஒலிப்பன உள. தேரைமீன் குடும்பத்தைச் சேர்ந்த கலிபோர்னிய மீனொன்றின் ஆண், கல்லின்கீழ்க் கூடமைத்து, பெண்ணை அழைக்க இரவெல்லாம் முரலும். உடலினுள் உள்ள காற்றுப்பையின் சுவரிலமைந்த தசைகள் நொடிக்கு நூறு முறையளவில் அதிர்வதனால் அவ்வொலி பிறக்கிறது. 1980களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையிற் படகுவீடுகளில் வாழ்ந்தோரின் துயிலைக் கெடுத்த இரைச்சல் இம்மீனுடையதே எனப் பின்னர்த் தெளிந்தனர். ஆகவே, ஒலி பெயராமை சிப்பிக்கு மட்டும் உரிய சான்றாகாது; மட்டக்களப்பு வாவியின் ஒலியும் மீனினதாதல் கூடும்.

இனிச் சுழியோடியின் இடர்ப்பாட்டை நோக்குவாம். காற்றில் நொடிக்கு 340 மீற்றர் செல்லும் ஒலி, நீரில் ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். இரு செவிகளையும் ஒலி அடையும் கால வேறுபாட்டைக் கொண்டே திசையை உணர்கின்றோம். நீருள் அவ்வேறுபாடு நான்கிலொன்றாகக் குறுகுவதால், ஒலி கேட்கும், திசை புலப்படாது. அன்றியும் வாவி நீர் கலங்கலானது. கையிலுள்ள விளக்கொளி சில முழத்துக்கப்பாற் செல்லாது. அவன் விடும் மூச்சோ குமிழிகளாய் ஆரவாரித்து எழும். அவ்வாரவாரத்தில் மெல்லொலி அமிழ்ந்துபோம். உயிரும் அஞ்சி வாய்மூடும். தேடுவோன் வரவே தேடப்படும் பொருளை மறைக்கின்றது.

அரிய மீனைச் சுழியோடிகள் நேரிற் கண்டதும் உண்டு. ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்தொழிந்ததெனக் கருதப்பட்ட சீலகாந்து, 1938இல் தென்னாபிரிக்கக் கரையில் வலைப்பட்டது. கொமொரோத் தீவு வலைஞரோ அதனை முன்னரே அறிந்து பெயரிட்டிருந்தனர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில், தென்னாபிரிக்கச் சொட்வானா விரிகுடாவில் 104 மீற்றர் ஆழத்திற் சுழியோடிகள் மூன்று சீலகாந்துகளைக் கண்டனர். சொல் மட்டும் சான்றாகாதென உணர்ந்து, அடுத்த மாதம் ஒளிப்படக் கருவியுடன் மீண்டும் இறங்கிப் படம்பிடித்தனர். அம்முயற்சியில் ஒருவர் உயிர் துறந்தார். காட்சியைச் சான்றாக்குதற்குக் கொடுத்த விலை அது.

வாவியின் ஆழம் சிறிது. அத்தகைய விலை ஈண்டு வேண்டுவதன்று. வேண்டுவது முறை. முதலில் வலைஞரை வினவி, ஒலிக்கும் இடமும் காலமும் குறித்தல் வேண்டும். பின்னர் நீரொலிவாங்கிகள் பலவற்றை இடைவெளி விட்டு அமைத்து, ஒலி அவற்றை அடையும் கால வேறுபாட்டால் அது பிறக்கும் இடத்தைக் கணித்தல் வேண்டும். அதன் பின்னரே, அவ்விடத்தில் அமைதியாகச் சுழியோடுதல் பயன் தரும்.

செவியாற் கேட்டோர் பெயர் சூட்டினர்; கண்ணாற் காண்போர் அப்பெயருக்குப் பொருள் காட்டுதல் வேண்டும். நீர் மாசுறுதலாலும் விசைப்படகுகளின் இரைச்சலாலும் அம்மெல்லொலி மறையுமாயின், மீன் பாடும் நாட்டுக்குப் பெயரே எஞ்சும். பாடியது யாதென அறியும் வாய்ப்பு என்றுமே வாராது.