பறக்குந் தட்டும் கண்டவர் சாட்சியும்

1947 யூன் 24இல் அமெரிக்க விமானி கெனத் ஆர்ணல்ட், றெயினியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து பறக்கக் கண்டார். நீர்மேல் எறிந்த தட்டுத் தத்திச் செல்லுமாறுபோல அவை சென்றன என்றார். அவர் உவமித்தது இயக்கத்தை; பத்திரிகைகள் பரப்பியதோ தட்டு என்னும் வடிவத்தை. அதன்பின் வானை நோக்கினோர் பலரும் தட்டையே கண்டனர்! கேட்ட செய்தி காட்சியையே உருவாக்கிவிட்டது.

ஆதலின், 1950களிலிருந்து தோன்றிய ஆர்வலர் சங்கங்கள் நேரம், திசை, அடிவானிலிருந்து உயரம் முதலியவற்றைச் சாட்சிகளிடம் வினவிப் பதியலாயின. சாட்சிகள் தம்முட் பேசுமுன் தனித்தனியே எழுதுவித்தலே சாலச் சிறந்தது. 1969இல் முடிவுற்ற அமெரிக்க விமானப்படை ஆய்வில், 12,618 அறிக்கைகளுள் விளக்கமின்றி எஞ்சியவை 701 மாத்திரமே.

இத்தகைய பதிவின் பயனை லடாக் எல்லையிற் காணலாம். 2012 ஓகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை, அயல்நாட்டு வேவுக் கருவிகளோ என ஐயுற்று இந்தியப் படையினர் வானொளிகளை 329 தடவை பதிந்தனர். பெங்களூர் வானியலறிஞர் ஆராய்ந்தபோது அவ்வொளிகள் வியாழனும் வெள்ளியுமாகவே முடிந்தன. விடிவெள்ளி பார்த்துப் பொழுதறிந்த நம் கடலோடிகள் அதனைக் கண்டு மயங்கியிரார். வேவுக் கதையை முன்னரே கேட்டிருந்தால் எவ்வாறோ!