புழுக் கொப்பரை

தேங்காய்ப் பருப்பைக் காயவைத்துச் செக்கில் ஆட்டினால் எண்ணெய். ஊசிப்போன சோற்றையும் வாழைப்பழத் தோலையும் ஆட்டினால்? ஒன்றும் வராது, அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் மாவுச்சத்தும்தான். அதைக் கொழுப்பாக்க இடையில் ஒரு சமையல்காரர் வேண்டும். கருப்புச் சிப்பாய் ஈயின் புழுதான் அவர்.

இந்த ஈ வளர்ந்த பிறகு தின்பது மிகவும் அரிது. பறக்க, இணைசேர, முட்டையிட வேண்டிய தெம்பைப் புழுவாக இருக்கும்போதே உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பில்தான் நாம் கைவைக்கிறோம்.

பதம்: கழிவை அரைத்து, ஈரம் சுமார் 70 சதவீதம் இருக்கும்படி வைக்க வேண்டும். நீர்த்துப்போனால் புழு மூச்சுத் திணறி வெளியே ஏறும், கழிவு நாறும்.

வேகும் நேரம்: குஞ்சுப் புழுக்களை விட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கொழுத்துவிடும். முற்றியவை கருத்து, தின்பதை நிறுத்தி, காய்ந்த இடம் தேடித் தாமே ஏறிவரும். சரிவுப் பலகை வைத்தால் போதும், அறுவடைக்கு ஆள் வேண்டாம்.

உலர்த்தலும் ஆட்டலும்: உலர்ந்த புழுவில் கொழுப்பு பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். பிழிந்த கொழுப்பில் தேங்காய் எண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் முதலிடம் பிடிக்கிறது. ஆறினால் மார்கழித் தேங்காய் எண்ணெய் போல உறையும்.

காய்ச்சுதல்: கொழுப்பின் ஒரு மூலக்கூறை, ஒரு காம்பில் மூன்று மாங்காய் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். காம்பு கிளிசரால், காய்கள் கொழுப்பு அமிலங்கள். மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்து 60 டிகிரி அளவில் கலக்கினால் காய்கள் காம்பை விட்டு மெத்தனாலைப் பிடித்துக்கொள்ளும். அதுவே பயோடீசல். நெய் காய்ச்சும்போது கசண்டு அடியில் தங்குவதுபோல் கிளிசரால் கீழே இறங்கும். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரால். மேலே நிற்பதை வடித்து, அரிசி களைவதுபோல் தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும்.

காய்ச்சுவதற்கு முன்பே எண்ணெயை ஈரமில்லாமல் உலர்த்திவிட வேண்டும். எண்ணெய், காரம், தண்ணீர் மூன்றும் கூடினால் பயோடீசலுக்குப் பதில் சோப்புதான் மிஞ்சும்.

செக்கடியில் புண்ணாக்கு மிஞ்சுவதுபோல் இங்கும் மிஞ்சுகிறது. புரதம் நிறைந்த அந்தச் சக்கை மீனுக்கும் கோழிக்கும். புழுவின் எச்சமும் தின்னாமல் விட்டதும் மண்ணுக்கு. புண்ணாக்கை விற்காத செக்குக்கு எண்ணெய் மட்டும் கட்டுப்படியாகாது. இந்தச் செக்கும் அப்படித்தான்.